ஒன்பது சீட்டு

புரசைவாக்கம் வெள்ளாளத் தெருவில்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை.
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, நாலு மணி.
கீழே மெஷின் ஓடினால்
மேலே மேசை லேசாக நடுங்கும்.

பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகள்.
மென்று துப்பியது போக மிச்சம் எங்கள் கையில்.
நாற்பத்தைந்து வயதில் இதற்கொரு சங்கமா என்று
வீட்டில் கேட்கிறார்கள்.
சங்கம் இல்லை, ரசீது புத்தகம் இல்லை.
ஒன்பது பேர், ஒரு டேபிள் ஃபேன், அவ்வளவுதான்.

இந்தத் தரம் ஓட்டு.
ஆளுக்கு ஓர் அட்டை மேசையில் வைக்க வேண்டும்.
பிடித்ததற்கு ஒரு சீட்டு.
தன் அட்டைக்குத் தானே போடக் கூடாது.
ஹேம்ராஜ் இதை மூன்று முறை சொன்னார்,
தங்கம் நிறுக்கிற குரலில்.

வைத்தோம்.
ஹேம்ராஜுடையது கண்ணாடியில் பார்த்ததுபோல் அச்சாகி
வலக்கைக்காரர் இடக்கைக்காரராகிப் போன அட்டை.
அனீஸ் கொண்டுவந்தது பன்னிரண்டாவது ஆள்,
தண்ணீர் பாட்டிலோடு சிரிக்கிறார்.
தணிகாசலத்திடம் ஒரு நடுவர். நடுவருக்கு அட்டை போட்டது
ஒரே கம்பெனி, அதையும் மூடிவிட்டார்கள்.
பழனிவேலுடையதில் முகத்தைக் கரப்பான் தின்றிருந்தது,
தொப்பி மட்டும் பாக்கி.
விலை கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.
மற்ற மூன்றும் சதமடித்து மட்டை தூக்கியவர்கள்.
சொல்ல ஒன்றுமில்லை.

எவாஞ்சலின் வைத்தது விக்கெட் கீப்பர்,
பந்தைக் கோட்டைவிட்ட அதே நொடி.
"கோட்டைவிட்டதைப் படம் போட்டு
யாராவது விப்பாங்களா? அதான்" என்றாள்.
எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில் வேலை அவளுக்கு.
கடைசி வரி தெரியுதா, இப்ப? இப்ப?
நாள் முழுக்க இதே கேள்வி.

என்னுடையது ஓடிவரும் பந்துவீச்சாளர்.
ஓரம் மழுங்கவில்லை, கீறல் இல்லை, மடிப்பு இல்லை.
இருபத்திரண்டு வருஷமாகப் பிளாஸ்டிக் உறையில்,
என் கல்யாண ஆல்பத்தைவிடப் பத்திரமாக.

ஏடிஎம் ரசீதுகளின் பின்பக்கம் எழுதி
பிஸ்கட் டப்பாவில் போட்டோம்.
எண்ணுவது என் வேலை.

இடக்கைக்காரர், ஒன்று.
நடுவர், ஒன்று.
பந்துவீச்சாளர், ஒன்று. அது என் கையெழுத்து.
தொப்பி, ஒன்று.
தண்ணீர் பாட்டில், ஒன்று.
சதம், சதம், சதம், ஒவ்வொன்று.
டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசிச் சீட்டு
மறுபடி பந்துவீச்சாளர்.

கீப்பருக்கு ஒன்றுமே இல்லை.

ஃபேன் இந்தப் பக்கம் திரும்பி அந்தப் பக்கம் போனது.
முதலில் புரிந்தது தணிகாசலத்துக்கு,
மின்வாரியத்தில் கணக்கெடுப்பவர்.
விழாத பேனாவை மேசைக்கடியில் தேடப் போனார்.
அடுத்து அனீஸ். அப்புறம் வரிசையாகக் காதுகள் சிவந்தன.
ஒன்பது பேரில் எட்டுப் பேர்
தன் அட்டைக்கே போட்டிருக்கிறோம்.
எட்டில் ஒருவன் நான்,
எண்ணியவனும் நானே.
எவாஞ்சலின் மட்டும்
தன் பூஜ்யத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"சமோசா ஆறிடும்" என்றார் ஹேம்ராஜ்.
இதை ஒரே முறைதான் சொன்னார்.

முதல் பரிசு எவர்சில்வர் டிபன் டப்பா.
கைதட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.
வேறென்ன செய்வது?

படிக்கட்டில் அவளை நிறுத்தினேன்.
எதற்காக என்னுடையதுக்கு? கேட்டுவிட்டு
நானே எடுத்துக்கொடுத்தேன்: ஓரமெல்லாம் அப்படியே புதுசா…
"ஓரமா? அதை நான் பாக்கலையே.
பின்னாடி கேலரில மூணாவது வரிசை பாருங்க.
எல்லாரும் எந்திரிச்சுக் கத்துறாங்க,
ஒரு ஆள் மட்டும் கொட்டாவி விடுறான்."
ஸ்கூட்டியைக் கிளப்பிப் போயேபோய்விட்டாள்.

டவுட்டன் நிறுத்தத்தில் பஸ் இல்லை.
விளக்குக் கம்பத்தடியில் நின்று
உறையிலிருந்து அட்டையை உருவினேன்.
பந்துவீச்சாளரின் முழங்கைக்கு மேலே
அரிசி அளவு முகம், அதில் குருணை அளவு வாய்.
இருபத்திரண்டு வருஷமாக மூடாத வாய்.

இரண்டு பஸ் வந்து போயின.
எனக்கும் கொட்டாவி வந்தது.
வாயைப் பொத்தக் கையெடுத்துவிட்டுப் பார்த்தால்
அட்டையின் ஓரத்தில்
சமோசா எண்ணெயோடு என் கட்டைவிரல்.